காதருக்குக் கேட்ட சத்தம்

போன வாரம் புது மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி கூரியரில் வந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன் நாலு பக்கமும் திருப்பி ஒட்டின டேப்பைப் பார்த்தேன். யாரோ வாங்கித் திருப்பி அனுப்பியதை மறுபடி ஒட்டி என் தலையில் கட்டுகிறார்களோ என்று சந்தேகம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான். பெண் பார்க்கப் போன வீட்டில் காபியை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தவன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். பெட்டியைத் திறந்ததும் தெர்மாகோலும் பசையும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. கூடவே காதரும் ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

காதருக்குச் சொந்த ஊர் கோட்டைப்பட்டினம், எனக்கு விராலிமலை. இருவரும் கூட்டாகப் புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் மாஸ்டரிங் ஸ்டுடியோ ஆரம்பித்தோம். மாஸ்டரிங் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீட்டில் பந்தி தொடங்கும் முன் ஒருவர் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பாரே, அந்த வேலைதான். எங்கேயோ பாடிப் பதிவு செய்த பாட்டை, சிடி போடும் முன் கடைசியாகக் கேட்டுச் சரிசெய்து அனுப்ப வேண்டும். பாட்டில் இருக்கும் குறையை மறைக்காமல் காட்ட மானிட்டர் ஸ்பீக்கர். சத்தத்தைக் கூட்டிக் குறைத்து அதைத் திருத்த ஈக்வலைசர்.

திருச்சி டீலர் இரண்டிலும் இரண்டு வகை கொடுத்தனுப்பினார். "வச்சு ஓட்டிப் பாருங்க. புடிச்சத எடுத்துக்கிட்டு மத்தத அனுப்பிருங்க" என்றார். இவ்வளவு தாராளமாக ஒரு வியாபாரி பேசினால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

ஒரு ஜோடி ஸ்பீக்கர், பாட்டைப் போட்டால் நெஞ்சில் வந்து இடிக்கும். எனக்கு அதன்மேல்தான் கண். இன்னொரு ஜோடி உப்பில்லாத கஞ்சி. ஈக்வலைசரிலும் ஒன்று வரிசையாக லீவர்களும் விளக்குகளுமாகத் திருவிழா மாதிரி மின்னியது. மற்றதில் நாலைந்து குமிழ்கள் மட்டும். காதர் கஞ்சியையும் குமிழையும் பிடித்துக்கொண்டான். "இது உள்ளத உள்ளபடி சொல்லுது மாப்ள. அந்தக் குமிழு ஊசி மொன அளவுக்குச் சத்தத்தக் கிள்ளி எடுக்கும்" என்றான். டீலரும் போனில் அதையே சொன்னார். டீலர் காதருக்கு ஒன்றுவிட்ட மச்சான் வேறு. இரண்டு பேர் ஒரே ராகத்தில் பேசினால் விலைபோகாத சரக்கு எங்கேயோ தேங்கிக் கிடக்கிறது என்றுதான் எனக்குப் படும்.

அப்போது எங்களிடம் வந்தவர் கொடும்பாளூர்ப் பாப்பாத்தி. அதுவரை மற்றவர்கள் சிடியில் பின்பாட்டுப் பாடியவர். தன் பெயர் போட்டு முருகன்மேல் கும்மிப் பாட்டு பாடியது அதுதான் முதல் தடவை. தைப்பூசத்துக்கு விராலிமலை அடிவாரத்தில் அது ஒலிக்க வேண்டும், ஒலித்தால் நாலு ஊரில் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் மறுபடி பின்பாட்டுதான்.

காதர் தன் கஞ்சி ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "மேல ஙீன்னு ஒண்ணு இழுக்குது. பாடுன எடத்துல பக்கத்து ரூம்ல டிவி ஓடியிருக்கு."

எனக்கும் கேட்டது. ஆனால் அது ஸ்பீக்கரின் சொந்தக் குரல் என்றேன். என் ஸ்பீக்கரில் போட்டோம். ஙீயும் இல்லை, ஒன்றும் இல்லை. "பாத்தியா?" என்றேன். லீவர்களைத் தள்ளி, "இப்ப எப்படி இருக்கு? தேன் மாதிரி இல்ல?" என்று கேட்டேன். பாப்பாத்தியும் தலையாட்டி, "ஆமாண்ணே, எனக்கே கூச்சமா இருக்கு" என்றார். காதர் ஈக்வலைசரின் ஓரத்தில் இருந்த சுவிட்சைக் காட்டினான். பாட்டு அந்தப் பெட்டிக்குள் நுழையவே இல்லை. ஓரமாகவே போய்க்கொண்டிருந்தது. நான் தள்ளியதெல்லாம் வெறும் லீவர். டீ கிளாஸை எடுக்கிற சாக்கில் அவன்தான் அந்தச் சுவிட்சை அமுக்கியிருப்பான் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

"சண்ட எதுக்கு? பஸ்ஸுல போட்ருவோம்" என்றான். எங்கள் பக்கம் ஒரு பாட்டு தேறியதா இல்லையா என்று தனியார் பஸ்ஸில்தான் தெரியும். என் ஸ்பீக்கரில் கேட்டு நான் முடித்த சிடியை விராலிமலை பஸ் டிரைவரிடம் கொடுத்தோம். முன் சீட்டில் பாப்பாத்தி, பின்னால், உச்சச் சத்தத்துக்கென்றே மாட்டியிருக்கும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு அடியில் நாங்கள். அன்னவாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாக ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, பாட்ட மாத்துங்க, காது கூசுது" என்றது. டிரைவர் சிடியைக் கழற்றி வேறு பாட்டைப் போட்டுவிட்டார். ட்வீட்டர் எனக்கும் காட்டிக்கொடுத்துவிட்டது. கொசு காதுக்குள் நின்று இழுக்கிற மாதிரி அந்த ஙீ.

இலுப்பூரில் மூவரும் இறங்கிவிட்டோம். பாப்பாத்தி, "பஸ்ஸுல கழட்டுன பாட்டக் கோயில்ல யாருண்ணே போடுவாங்க?" என்றார். அடுத்த பஸ்ஸிலேயே ஸ்டுடியோவுக்குத் திரும்பினோம்.

கஞ்சி ஸ்பீக்கரைக் கேட்டு, குமிழைத் திருகி, காதர் அந்த ஙீயை மட்டும் கிள்ளி எடுத்தான். அதே பஸ்ஸில் பாட்டு விராலிமலைவரை ஓடியது. பாவம் பார்த்து டிரைவர் கழற்றாமல் விட்டாரோ என்று நான் நினைத்தேன். ஆனால் தைப்பூசத்தன்று அடிவாரத்தில் திரும்பத் திரும்ப அந்தப் பாட்டுதான். பாப்பாத்தியை அதற்கப்புறம் பிடிக்க முடியவில்லை. மச்சான் சொன்ன சரக்கையே வாங்கினோம்.

சிடிக் காலம் ஓய்ந்ததும் காதர் ஊருக்குப் போய்விட்டான். இங்கே நான் ஒண்டியாக ஓட்டுகிறேன். புது ஸ்பீக்கரைச் சோதிக்கலாமென்று பாப்பாத்தியின் பழைய திருத்தாத பதிவைத் தேடிப் போட்டேன். ஙீ வரவில்லை. ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன். கல்லூரியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டேன். "என்னப்பா இது, உச்சத்துல ஙீன்னு கத்துது?" என்றாள். பழைய பெட்டி டிவி அப்படித்தான் கத்தும் என்று சொன்னால் அவளுக்குப் புரியவில்லை. அந்த டிவிகளே இப்போது எந்த வீட்டிலும் இல்லை. எனக்குச் சந்தேகப்பட மிச்சம் இருந்தது என் காது மட்டும்தான்.

காதருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்து, "கேக்குதா?" என்றேன்.

"கேக்காம? அதே டிவிதான் மாப்ள" என்றான்.

அவ்வளவு உயரத்துச் சத்தம் போனில் போகாது. இந்தத் தொழிலில் இருந்த எவனுக்கும் அது தெரியும், காதருக்கும் தெரியும். "சரிடா" என்று மட்டும் சொன்னேன்.