பாட்டுக்காரர் பெஞ்சு

நான் பாட்டுக் குழுவில் சேர்ந்தது பாட்டுக்காக இல்லை. பெஞ்சுக்காக.

எங்கள் வேதக்கோவிலில் அப்போது எல்லோருக்கும் தரையில் பாய்தான். பாடுகிறவர்களுக்கு மட்டும் முன்னால் இரண்டு பெஞ்சு போட்டிருந்தது. நான் பனையேறி. காலையில் முப்பது பனை, சாயங்காலம் அதே முப்பது. ஞாயிற்றுக்கிழமையும் விட முடியாது. பாளையை ஒரு நேரம் சீவாமல் விட்டால் பதநீர் ஊறுவது குறையும். சில நாள் விட்டால் காய்ந்துபோகும். ஏறி ஏறி முழங்கால் முழுதாக மடங்காமல் போய்விட்டது. பிரசங்கம் முடிந்து பாயிலிருந்து எழும்ப பக்கத்து ஆள் கை கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வயதில் அது வெட்கம்.

மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். நாலு குரலில் பாட வேண்டும் என்று குழு தொடங்கினார். அடியில் பாடும் கட்டைக்குரலுக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் மரத்தின் மேலிருந்து யாரையோ கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு ஆள் அனுப்பினார். போனேன். கட்டைக்குரலுக்கு நாங்கள் இரண்டு பேர். நானும், கோட்டாற்றுச் சந்தைக்குச் சரக்கு மாட்டுவண்டி அடிக்கும் ஒருவரும்.

புதனும் சனியும் விளக்கு வைப்பதற்கு முன் பயிற்சி. பிந்தி வந்தால் நிற்க வேண்டும். நான் ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை. கடைசி மரத்தை விட்டு இறங்கும்போதே பாட்டு கேட்கும். பெஞ்சுக்காகச் சேர்ந்தவன் பயிற்சி முழுதும் நின்றேன்.

வாத்தியார் கையில் ஒரு மூங்கில் கோல் உண்டு. அதை ஆட்டித்தான் பாட்டு நடத்துவார். வாயில் மூன்று விரல் நுழையவேண்டும் என்பார். திறந்தால், இது கொட்டாவி என்பார். தோள் ஏறக்கூடாது. கால் தட்டக்கூடாது. காலைத் தட்டாமல் எப்படிப் பாடுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஈஸ்டர் பண்டிகைக்கு ஒரு பாட்டு எடுத்தார். அதில் நடுவில் ஓர் இடத்தில் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

“ஆண்டவருக்கு மூணு நாள் கல்லறைவே. அதனால மூணு எண்ணுக வரைக்கும் ஒருத்தரும் சத்தம் காட்டப்பிடாது. அப்புறம் கட்டைக்குரல் மட்டும் தனியா வரணும். எழுந்தார்னு.”

நான் இரண்டில் வந்தேன்.

மறுபடி பாடினோம். மறுபடியும் இரண்டில் வந்தேன்.

மரம் ஏறுகிறவனுக்குக் கணக்கு இரண்டுதான். கையை மேலே போட வேண்டும். காலை மேலே இழுக்க வேண்டும். கை, கால். கை, கால். பதினைந்து வருஷம் அப்படி. மூன்று என்று ஒன்று என் உடம்பில் இல்லை.

“ரெண்டாம் நாளே எழுப்பிட்டீரேவே! அவருக்கே அவசரம் இல்ல. ஒமக்கு என்ன?” என்றார் வாத்தியார்.

பெண்கள் பெஞ்சில் சிரித்தார்கள். வண்டிக்காரர் என் காதில், “நான் ஒன் வாயப் பாத்துத்தான் வாயத் தொறக்கேன் மக்கா. நீ குழியில விழுந்தா நானும் வண்டியோட விழணும்” என்றார்.

ஒவ்வொரு பயிற்சியிலும் அந்த இடத்தைப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை பாட வைத்தார். கோவிலைச் சுற்றித்தான் வீடுகள். ஊரே கேட்டது. மாசி முடிவதற்குள் எல்லோருக்கும் பாட்டு வந்துவிட்டது. என் மனைவி கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சும்போது பாடுவாள். மச்சினன் அடுத்த பனையில் இருந்து பாடுவான். என் இடம் வந்ததும் இரண்டு எண்ணிவிட்டு ‘எழுந்தார்’ என்பார்கள். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள். நான் திருத்தவில்லை. எனக்கு என் பாடே போதும் என்று இருந்தது.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வாத்தியார் கோலைக் கீழே வைத்தார்.

“இன்னும் ஒரு தடவ ரெண்டுல வந்தீர்னா பாய்க்குப் போவும். நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

“சரி சார்” என்றேன்.

மறுநாள் மரத்தில் பழகத் தொடங்கினேன். கை, கால், சும்மா. கை, கால், சும்மா. மூன்றாவதில் அசையாமல் மரத்தோடு ஒட்டி நிற்பேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள், பத்துப் பதினோராவது மரம். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் கை பழக்கத்தில் மேலே போனது. கால் போகவில்லை. காலில் போட்டிருந்த நார்வளையம் நழுவியது. ஒன்றரை ஆள் உயரம் மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே வழுக்கினேன். விழவில்லை. நெஞ்சுத் தோலும் கைத் தோலும் மரத்தோடு போயிற்று.

மனைவி மஞ்சளும் எண்ணெயும் போட்டாள். “மரத்துல போயி பாட்டா? ஒங்களுக்குப் பைத்தியமா, வட்டா?” என்றாள்.

“பெஞ்சு” என்றேன்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

இரண்டு வாரம் மரம் ஏற முடியவில்லை. மச்சினன் தன் மரங்களை முடித்துவிட்டு என்னுடையதில் முடிந்தவரை ஏறினான். மீதிப் பத்து மரத்தில் அந்த வருஷம் பாளை காய்ந்துவிட்டது. நான் மல்லாந்து கிடந்தேன். குப்புறப் படுக்க முடியாது. வேறு வேலை இல்லை. விரலால் தரையில் தட்டி மூன்று எண்ணினேன். அப்போது வந்தது. மரம் ஏறாததால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

கடைசிப் பயிற்சியில் மூன்று தடவையும் சரியாக வந்தேன். வாத்தியார், “தோள் ஏறுதுவே” என்றார்.

பண்டிகை அன்று கோவில் நிறைந்திருந்தது. வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். வெள்ளைச் சட்டை புண்ணில் ஒட்டிக்கொண்டது. பாட்டு தொடங்கியது. அந்த இடம் வந்தது. குழு நிறுத்தியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு.

கோவில் முழுவதும் ‘எழுந்தார்’ என்றது.

பாயில் இருந்த அத்தனை பேரும் பாடினார்கள். என் மனைவி குரல் கேட்டது. மச்சினன் குரல் கேட்டது. பக்கத்தில் வண்டிக்காரரும் வாயைத் திறந்துவிட்டார். நான் திறக்கவில்லை. மூன்று எண்ணினேன். எண்ணிவிட்டு ‘எழுந்தார்’ என்றேன். அதற்குள் எல்லோரும் அடுத்த அடிக்குப் போயிருந்தார்கள். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. முன்னால் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் வாத்தியார் பிடித்தார்.

“எல்லாரும் வந்தாச்சுல்லா. நீரு ஏன் வரல்ல?”

“மூணு எண்ணினேன் சார்.”

“நீரு எண்ணுகதுக்கா நான் நிக்கேன்? கோலப் பாக்கணும்வே. சபை முந்திட்டுது, நானும் கோல எறக்கிட்டேன். நீரு தரையப் பாத்துக்கிட்டு நிக்கீரு.”

நெஞ்சுப் புண் எரிந்தது, சட்டையை விலக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். சற்றுத் தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“புதங்கிழம வாரும். நேரத்தோட வாரும்.”

பெஞ்சு போகவில்லை.

வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: “ஊரு பூரா எழும்பியாச்சு மக்கா. நீதான் கல்லறையிலயே கெடந்துட்ட.”

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தப் பெஞ்சில் இருந்தேன். கோலைப் பார்த்தேன். வாய் சிறிது என்றார், பெரிது என்றார். ஈஸ்டர் தோறும் அந்தப் பாட்டைப் பாடினோம். சபை இரண்டில்தான் எடுத்தது. வாத்தியாரும் பிறகு மூன்று எண்ணச் சொல்வதை விட்டுவிட்டார்.

பிறகு ஆளுக்கொரு பலாமரமோ ஆயினிமரமோ வெட்டிக் கொடுத்து, ஆசாரியை வைத்து, கோவில் முழுவதுக்கும் பெஞ்சு செய்தார்கள். பெஞ்சு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் முன்னால் போகவில்லை. கதவோரம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியார் என்னைக் கண்டுவிட்டு, கோலை நீட்டி வாரும் என்று சைகை காட்டினார். இல்லை என்று கையைக் காட்டினேன். அவர் கோலை இறக்கினார். பிறகு திரும்பிப் பாட்டைத் தொடங்கினார்.

நான் முழங்காலை நீட்டிக்கொண்டேன்.