ஹாஃப் கட் எஞ்சினும் என் அத்தானும்

அத்தான், நீங்கள் சொன்னது பொய். த்ரீவீல் ஸ்டாண்டில் சொன்னீர்கள், சலூனில் சொன்னீர்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள். எங்கே நின்று சொன்னாலும் பொய் பொய்தான்.

என் அக்காவின் கணவரைத்தான் சொல்கிறேன். மஹய்யாவயில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அவர் கோயில் சபையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து உபயகாரர் பெயர்களை வாசிப்பவர் அவர்தான். அவர் மைக்கில் சொன்னால் ஊர் நம்பும். மைக் இல்லாமல் சொன்னாலும் நம்பும். அதுதான் சங்கடம்.

விஷயம் என் காரைப் பற்றியது. நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். என் வீட்டுக்காரர் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வாத்தியார். கிழமை நாட்களில் அங்கேயே தங்குவார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நான் போய்க் கூட்டி வருவேன். கார் பழைய ஜப்பான் கார். அதன் சின்ன எஞ்சினால் அங்கே போகும் மலைப்பாதையில் ஏற முடியவில்லை. தெல்தெனிய தாண்டியதும் இழுக்க மாட்டாமல் முனகும். பின்னால் வரும் லொறிக்காரன் ஹோன் அடித்தே உயிரை எடுப்பான். ஒரு நாள் எஞ்சின் முழுதாகவே செத்துப்போனது.

அலவத்துகொடயில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் முஸ்லிம், எங்கள் ஊர்ப் பேச்சில் சோனகர். அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல. அவர்தான் யோசனை சொன்னார். ஜப்பானில் காரைப் பாதியாக வெட்டி முன்பக்கத்தை மட்டும் இங்கே அனுப்புகிறார்கள். ஹாஃப் கட் என்பார்கள். அப்படி வந்த ஒன்றிலிருந்து பெரிய எஞ்சினைக் கழற்றி என் காருக்குள் இறக்கினார். காற்று இழுக்கும் கறுப்புப் பெட்டியை வைக்க இடம் போதவில்லை. அதற்குப் பதிலாக, சிவப்பு நிறத்தில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரைக் குழாயின் வாயில் மாட்டினார். டேஷ்போர்ட் மட்டும் பழையது. எஞ்சினுக்கு ஏதும் வந்தால் காட்டிக்கொடுக்கும் விளக்கு அதில் இல்லை. இதையும் அவர் முதலிலேயே சொன்னார்.

"பொம்பளைக்கு எதுக்கு ரேஸ் காரு?" என்று அத்தான் சிரித்தார். ஆனால் அந்தக் காரை என்னைவிட அதிகம் ரசித்தவரும் அவர்தான். பொனட்டைத் திறந்துவைத்துத் தெருவில் போகிறவனைக் கூப்பிட்டுக் காட்டுவார். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. லொறிகளை முந்தினேன். ஹோன் அடித்தேன், வேண்டுமென்றே.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு எனக்கு வேலை. பஸ்ஸில் போனேன். அத்தான் தன் வேனோடு சேர்த்து என் காரையும் கழுவி, விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தபோது கார் பளபளவென்று நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றியும் சொன்னேன்.

அடுத்த வாரம் கட்டுகஸ்தோட்டையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கார் நடுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைக்கு அது தெரிந்தது. பிறகு நின்றே போனது. ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. வெள்ளிக்கிழமை ஹுன்னஸ்கிரிய வளைவில் ஆக்ஸிலேட்டரைக் காலால் முழுதாக அழுத்தியும் ஏற மறுத்தது. திடீரென்று ஏறியது. மறுபடி மறுத்தது. வீட்டுக்காரர், "கிளட்ச்ல காலு வச்சிருக்கியா?" என்றார். அன்றைக்கு அவரை நடந்தே வரச் சொல்லியிருக்க வேண்டும்.

நானாவிடம் கொண்டுபோனேன். அவருக்கு முன்னால் நல்ல பிள்ளை மாதிரி ஓடியது.

"தங்கச்சி, இதுக்கு ஒண்டுமில்லையே."

"நானா, நேத்து ரெண்டு தடவ நடு ரோட்டுல நின்னுச்சு."

"என்னக் கண்டு பயந்திட்டுது போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளக்குகளை மாற்றினார். கொயில்களை இடம் மாற்றிப் பார்த்தார். பெட்ரோல் வருகிற அழுத்தத்தைப் பார்த்தார். எங்காவது காற்றுக் கசிகிறதா என்று குழாய்களின் மேல் ஸ்ப்ரே அடித்துக் காதை வைத்துக் கேட்டார். கணினிக் கருவியை மாட்டினால் அது ஒரு நாள் பெட்ரோல் குறைவு என்றது, இன்னொரு நாள் கூடுதல் என்றது. "இதுக்கும் பைத்தியம், எனக்கும் பைத்தியம்" என்று கருவியைக் கதிரையில் போட்டார். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்று நினைத்துத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அக்குறணை தாண்டுவதற்குள் நடுங்கும்.

நான் அந்தக் கராஜுக்கு அலைவதை அத்தான் மதிலுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பொனட்டைத் திறந்தார்.

"நான் அன்னைக்கே நெனச்சேன். ஹாஃப் கட்டோட வந்த நல்ல ஹெட்டக் கழட்டி வித்துட்டு, பழச மாட்டி உன் தலையில கட்டிட்டான். அவனுங்க ஊரே அப்படித்தான்."

பேசிக்கொண்டே அந்தச் சிவப்பு ஃபில்டரைக் கையால் அழுத்தி, இறுக்கமாக இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாதி. அதை மாற்றினாரா என்று நானாவிடமே கேட்டேன். நான் சுற்றி வளைக்கவில்லை. அவர் முகம் கறுத்துப்போனது.

"வந்து பாருங்க. ஹெட்டக் கழட்டியிருந்தா இந்த இடுக்குல புதுசா கேஸ்கட் ஈக்கணும். ஜப்பான்ல போட்டது அப்பிடியே ஈக்குது."

குனிந்து, எஞ்சினின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருந்த அந்தத் தகட்டைப் பார்த்தேன். பழையதாகத்தான் இருந்தது. அத்தானும் பழையது என்றுதானே சொல்கிறார்? பழையதாக இருந்தால் நல்லதா கெட்டதா என்றே எனக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து, "சரி நானா" என்றேன். என்ன சரி என்று எனக்கே தெரியாது.

அதற்குள், நானா கள்ளன் என்று அத்தான் சொன்ன கதை ஊரில் பரவிவிட்டது. மரக்கறி லொறிக்காரர் ஒருவர் எஞ்சின் வேலைக்குத் தருவதாகச் சொன்ன லொறியைத் தரவில்லை. எங்கள் தெருப் பாடசாலை வேன்காரர், பாதி திறந்து கிடந்த தன் வேனை வந்து இழுத்துக்கொண்டு போனார். கியர்பாக்ஸ் வெளியே இருந்தது. அதைச் சாக்கில் கட்டி வேனுக்குள் வைத்துப் போனார்கள். நான் அங்கேதான் நின்றேன். நானா கயிற்றைக் கட்ட உதவி செய்தார். மஹய்யாவ வாகனங்களை வைத்துத்தான் அவருடைய கராஜ் பிழைத்தது.

மறுபடி நான் போனபோது கராஜ் வெறுமையாக இருந்தது. "இனி எனக்கு ஒரு வழியும் தெரியல்ல தங்கச்சி. அந்தக் கறுப்புப் பெட்டிய எப்பிடியாச்சும் மாட்டிப் பாப்போம்" என்று சொல்லி, சிவப்பு ஃபில்டரின் கிளிப்பைத் தளர்த்தினார். அதுவரை அதை அவர் தொடவே இல்லை. புதிதுபோலச் சுத்தமாக இருந்ததால் சந்தேகம் வரவில்லையாம். அதற்காக அவரையும் திட்டினேன்.

ஃபில்டர் கையோடு வந்தது. நானா குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது எனத்த?"

குழாயின் வாயில், ஃபில்டர் மூடியிருந்த இடத்தில், காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம். பொட்டு.

குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். சாம்பலும் பழுப்பு நிறப் பிசினும் ஒட்டி வந்தன. முகர்ந்து பார்த்து என் பக்கம் நீட்டினார். சாம்பிராணி. இன்னும் கொஞ்சம் உள்ளே, எவ்வளவு காற்றுப் போகிறது என்று அளந்து எஞ்சினுக்குச் சொல்கிற சென்சர் இருக்கிறது. அதன் கம்பி தலைமயிர் அளவுதான். அது முழுக்க அந்தப் பிசின். பாவம், அது காற்றைத் தப்புத் தப்பாக அளந்து சொல்லியிருக்கிறது.

"ஃபில்டர் இருக்கும்போது இங்க எப்படிப் பொட்டு வச்சாரு?" என்று கேட்டேன்.

"ஃபில்டர் இருந்தா வைக்க ஏலாதே."

அதற்கென்று இருக்கிற திரவத்தை அடித்துக் கழுவி, காயவிட்டு, மாட்டி ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. பொனட் கம்பியில் போட்டிருந்த துணிகூட ஆடவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நேரே அக்காவிடம் போகத்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. மறைக்க எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியாது.

"ஆமா, அந்தச் செவப்புச் சாமானத்த அவருதான் கழட்டி சோப்புத்தூள் போட்டுத் தேச்சாரு. ஆயுத பூசைக்கு அழுக்கோட எதையாச்சும் சாமி முன்னால வைக்கலாமாடி? மதில்மேலதான் காய வச்சோம். காயல. நேரம் போகுதுன்னு அது இல்லாமலே பூசையப் போட்டு, பொறகுதான் மாட்டினாரு."

"எஞ்சின் ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"ஓட விட்டுத்தான் சாம்பிராணி காட்டினாரு. அப்பதானே உள்ளுக்குப் போய்ச் சேரும்."

போய்ச் சேர்ந்துவிட்டது.

அத்தானிடம் போய், குழாயில் பார்த்த பொட்டையும் சாம்பிராணிப் பிசினையும் சொன்னேன்.

"ஃபில்டரக் கழட்டினீங்களா?"

"நல்லதுக்குத்தானே கழட்டினேன்."

"நல்லதுக்குத்தான். பொறகு ஏன் நானாவக் கள்ளன்னு சொன்னீங்க?"

"சாமிக்குப் போட்ட சாம்பிராணியில எஞ்சின் கெட்டுப்போச்சுன்னு சொல்றியா? நாக்கு அழுகிப்போகும்."

"நான் சாமியச் சொல்லல. உங்களச் சொல்றேன்."

"போ போ. அந்தப் பொட்ட அவனே வச்சிருப்பான்."

கதவைச் சாத்திக்கொண்டார். கழற்றினேன் என்று சொன்ன அதே வாயால், பொட்டை அவன் வைத்தான் என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாகும்?

சரி, நானாவை மஹய்யாவவுக்குக் கூட்டிவந்து எல்லார் முன்னாலும் சொல்ல வைப்போம் என்று நினைத்தேன். அவர் மறுத்துவிட்டார்.

"வேணாம் தங்கச்சி. பூச வச்சுத்தான் எஞ்சின் பழுதாப்போச்சு எண்டு ஒரு சோனகன் சொன்னான் எண்டு கத போகும். நான் சொன்னதெல்லாம் போயிரும், அது மட்டும் நிக்கும். அதவிட லொறி வராமலே ஈக்கட்டும்."

அவர் சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னவர் மைக்கோடு நிற்கிறார். பொய்யால் அடிபட்டவர் வாயைத் திறக்கப் பயப்படுகிறார். நான் பேசினால் அவருக்கு நல்லதா கெட்டதா என்று பல நாள் குழம்பினேன். இன்னும் தெளியவில்லை. ஆனால் வேன்காரர் இன்னும் நானாவிடம் திரும்பிப் போகவில்லை. அந்தக் கியர்பாக்ஸ் சாக்கோடு அவர் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

ஆகவே நானே சொல்கிறேன். பூசையில் குற்றமில்லை, சாம்பிராணியில் குற்றமில்லை. தூசியோடு சாமி முன்னால் வைக்கக் கூடாது என்று கழுவினீர்கள், அதிலும் குற்றமில்லை அத்தான். என் காரை அவ்வளவு அன்பாகக் கழுவிய ஒருவர் எப்படி அந்த வார்த்தையைச் சொன்னார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய ஊரையே திட்டிக்கொண்டு நின்றபோது, உங்கள் கை நேரே அந்தச் சிவப்பு ஃபில்டருக்குப் போனது. எஞ்சினில் தொட எத்தனையோ சாமான் இருக்க, ஏன் அது?

வருகிற வெள்ளிக்கிழமை நான் ஹுன்னஸ்கிரியவுக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் பஸ்ஸில் வருவார். பூசை முடிந்து நீங்கள் மைக்கை எடுக்கும்போது முன்னால்தான் நிற்பேன். வேன்காரரும் நிற்பார், லொறிக்காரரும் நிற்பார். உபயகாரர் பெயர்களை வாசித்து முடியுங்கள். பிறகு அதே மைக்கில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: அந்த மனுஷனைக் கள்ளன் என்றது தெரிந்தா, தெரியாமலா? கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.