என் கைநாட்டும் ஓவர்சியரின் குறைப் புத்தகமும்

காஜா பெராங்கில் நம் அம்மன் கோவிலுக்கு வெளிமண்டபம் கட்டியவன் நான். பத்து பெரெண்டாம் ஊரில் ஆறு கடைவீடு, புக்கிட் பாருவில் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், புக்கிட் கட்டில் ஊருக்குப் போகும் பாதையில் சிறுபாலம், எல்லாம் என் கை. நான் பள்ளிக்கூடம் போனது மூன்று மாதம். கையெழுத்து வராது, கைநாட்டுத்தான். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவரும் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டியதில்லை.

என் அக்காள் மகன் செல்வம் இன்ஜினியர் ஆனதைப் பற்றிக் கோவில் மலரில் எழுதியவர்கள் பாதியை விட்டுவிட்டார்கள். அந்தப் பாதியை அடியார்களுக்கு நான் சொல்கிறேன்.

மெர்டேக்கா, நம் நாட்டுச் சுதந்திரம், கிடைத்து இரண்டாம் வருடம். செல்வம் கோலாலம்பூரில் இன்ஜினியரிங் முதல் வருடம் படித்தான். வகுப்பில் தமிழன் அவன் ஒருவன்தான். நீண்ட விடுமுறையில் எட்டு வாரம் கட்டட வேலை பழகி, அதற்கான தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் கிடையாது. மற்றப் பையன்களுக்கு அப்பா, சித்தப்பாவுக்குத் தெரிந்த கம்பெனிகள் இருந்தன. இவன் ஏறி இறங்கிய கம்பெனி எல்லாம் இடமில்லை என்றது. "நான் இருக்கேன்டா" என்று என் சிறுபால வேலையில் சேர்த்தேன். எட்டாம் வாரம் தாளில் பெருமையாகக் கைநாட்டு வைத்தேன்.

தாளைக் கொண்டுபோனவன் மறுநாளே பஸ் ஏறித் திரும்பி வந்தான்.

"செல்லாதாம் மாமா. இன்ஜினியர் கையெழுத்து வேணுமாம். காலேஜ் திறக்க மூணு வாரந்தான் இருக்கு. விடுங்க, நான் அம்மாகூட ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போறேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையாலேயே அவனைக் கெடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சந்நிதியில் நின்று அம்மனோடு சண்டை போட்டேன். "உனக்கு மண்டபம் கட்டினேன். எனக்கு ஒரு கையெழுத்து வாங்கித் தர மாட்டியா? யாரை வேணும்னாலும் அனுப்பு. அந்த ஓவர்சியரை மட்டும் அனுப்பாதே."

அரசாங்க ஓவர்சியர் சின்னத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். என் பாலத்தைச் சோதிக்க வாராவாரம் வருவார். மட்டம் கால் அங்குலம் இறக்கம், கம்பி இடைவெளி அதிகம் என்று புத்தகம் முழுக்கக் குறை எழுதுவார். "என்ர புத்தகத்திலை கைநாட்டு வேண்டாம். எழுதத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடும்" என்று என் ஆட்கள் முன்னால் சொன்னவர். அதனால் ஒவ்வொரு குறையையும் செல்வம்தான் அளந்தான், சரிசெய்தான், செய்த விதத்தைப் பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். கைநாட்டு வேண்டாம் என்ற அன்றோடு அந்த மனிதரிடம் பேச்சை விட்டேன். இன்றைக்கும் எனக்கு அவரைப் பிடிக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே கோவிலில் என் எதிரில் வந்து நின்றார். கக்கத்தில் அந்தப் புத்தகம்.

"போன வெள்ளி நீர் அம்மாளாச்சியோட பிடிச்ச சண்டை வீதி வரைக்கும் கேட்டது."

"கேட்டா கேட்டுட்டுப் போங்க."

"உமக்காக வரேல்லை, காணும். பொடியன் எட்டுக் கிழமை செய்த வேலை முழுக்க இதிலை கிடக்கு. என்ர இன்ஜினியர் பாத்திட்டார், கையெழுத்து வைப்பார். தாளைக் கொண்டுவாரும்."

"பாலத்துல இப்ப குறை இல்லைன்னு அதுல எழுதுவீங்களா?"

"தாளைக் கொண்டுவாரும்."

கொண்டுபோனேன். கையெழுத்து விழுந்தது. காலேஜ் ஏற்றுக்கொண்டது. சந்நிதியில் விழுந்து அழுதேன். யார் முன்னாலும் அழாதவன் நான்.

அதற்குப் பிறகு விடுமுறைதோறும் நம் பிள்ளைகள் என் வேலைக்கு வருகிறார்கள். முதலில் ஒரு இன்ஜினியரைப் பேசி வைக்கிறேன், பிறகுதான் மண்வெட்டியைக் கொடுக்கிறேன். அடியார்களே, பிள்ளையின் படிப்பு அறுந்துபோகும்போது நீங்களும் அம்மனிடம் போங்கள். சண்டைகூடப் போடலாம். யாரை அனுப்பக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மலரில் ஓவர்சியருக்கு ஒரு பக்கம் நன்றி, படத்தோடு. எனக்கு ஒரு வரி இல்லை. எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் அந்தப் புத்தகத்தில் என் கையெழுத்து இருந்திருக்கும், செல்வத்தின் கையெழுத்து இருந்திருக்காது. அடுத்த மலரில் அதையும் போடுங்கள். படம் வேண்டாம். என் கைநாட்டைப் போடுங்கள்.