தாழைக்கோழியின் நீலமும் ஒரு நைலக்ஸ் புடவையும்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்புட்குழியைத் தாண்டி உள்ள ஓர் ஏரிக்கு என் மைத்துனர் பறவை பார்க்க அழைத்துப் போனார். நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவன். கிடைக்கும் ஒரு நாள் தூக்கத்தையும் கெடுக்கிறாரே என்று முனகிக்கொண்டேதான் போனேன்.

கரையில் நின்று ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார். நெற்றியில் வெள்ளை நாமம் போட்டிருந்தால் நாமக்கோழி. அலகும் நெற்றியும் சிவந்து, உடம்பு நீலமாக இருந்தால் நீலத் தாழைக்கோழி. அந்தத் தாழைக்கோழியிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். நிழலில் நீலம், வெயில் பட்டால் கத்தரிப்பூ! நீளவாட்டுப் பாவுக்கு நீலம் போட்டு, குறுக்கே ஓடும் ஊடைக்குக் கத்தரிப்பூ கொடுத்தால் இந்த நிறம் வருமா, இல்லை மாற்றிப் போட வேண்டுமா? தறிக்காரன் புத்தி வேறெங்கே போகும்? பறவையின் நெஞ்சைப் பார்த்தபடியே கோரைக்குள் இறங்கி நடந்தேன்.

திடீரென்று காலுக்குக் கீழே தரை இல்லை. யாரோ மண் அள்ளிவிட்டுப் போன பள்ளம். மேலே தண்ணீர், அடியில் சேறு. இடுப்பளவு இறங்கிவிட்டேன். பயத்தில் காலை உதற உதற, தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. மைத்துனர் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"நீ எறங்காதண்ணா! ரெண்டு பேரும் பூடுவீங்க" என்று அவரைத் தடுத்தார், பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண். என்னைப் பார்த்து, "கால ஒதறாதபா, உள்ள இழுக்குது" என்றார். சொல்லிக்கொண்டே தன் புடவையை மளமளவென்று அவிழ்த்து, ஒரு முனையை என் பக்கம் வீசினார். உள்பாவாடையும், வேலைக்காக மேலே மாட்டியிருந்த ஆண் சட்டையுமாக நின்றார். எனக்குக் கை நீளவே இல்லை. முன்பின் தெரியாத பெண் கட்டியிருந்த புடவை அது.

"உசுரு போவுது, வெக்கப்பட்டுக்கினு நிக்கிறியே! புடிபா!"

பிடித்தேன். அவரும் மைத்துனருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். செருப்பு இரண்டும் சேற்றோடு போய்விட்டன, நான் மட்டும் கரைக்கு வந்தேன்.

நாங்கள் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றோம். அவர் சேறு படிந்த புடவையை அலசிப் பிழிந்து, ஈரத்தோடு கட்டிக்கொண்டார். "கோழி பாக்க வந்தா கரையில நின்னு பாருங்கபா. வூட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க இல்ல?" என்று ஒரு திட்டுத் திட்டிவிட்டுப் புல்லுக்கட்டோடு நடந்தார். எனக்கிருந்த நடுக்கத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. பிறகு இரண்டு முறை போய் விசாரித்தும் பார்க்க முடியவில்லை.

சாயம் போன சாதாரண நைலக்ஸ் புடவைதான் அது. ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் அந்த அம்மா அதை அவிழ்த்து வீசியதால்தான், இன்று என் பிள்ளைகள் அப்பா என்று கூப்பிட நான் இருக்கிறேன்.