சித்தப்பா போட்டுக்கொடுத்த இன்சூரன்ஸ்

சித்தப்பா தன் போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டிய அந்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மரக்காணத்தில் உப்பளத்துக்குப் பிரியும் சாலையோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திரையில் என் காருக்கான இன்சூரன்ஸ் தொகை தெரிந்தது. முதல் நாள் அவர் சொன்னதைவிட நன்றாகவே குறைந்திருந்தது. "பாத்தியா பாப்பா? உனக்காக ஆபீஸ்ல பேசி எறக்கியிருக்கேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே பெண் நான்.

ஆசைக்கு வாங்கிய கார் அல்ல அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உப்பளத்தில் வெயில் தின்ற என் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வாரத்துக்கு இரண்டு முறை புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முடிந்து வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பாள். அப்பா இல்லாத வீடு. புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. சேர்த்த பணத்தையும் அம்மாவின் கம்மலையும் போட்டு ஒரு பழைய காரை வாங்கினேன். வாங்கியபிறகுதான் தெரிந்தது, இன்சூரன்ஸும் ஒரு பெரிய செலவென்று. விற்றவர் பல வருடம் க்ளெய்ம் வாங்காமல் ஓட்டிச் சேர்த்த போனஸ் அவரோடு போய்விடுமாம். புதிதாக வரும் எனக்கு முதல் வருடம் தள்ளுபடி கிடையாதாம். ஆன்லைனில் குறைவாகக் கிடைக்கிறதே என்று இழுத்தேன். "ஊட்ல ஒரு ஏஜென்ட்ட வச்சிக்கினு எவன்கிட்டயோ போயி போடுவியா? நாளைக்கு ஒண்ணுன்னா அவன் வந்து நிப்பானா?" என்று அம்மாதான் சொன்னாள். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. அம்மாவுக்கு அவர்மேல் அத்தனை நம்பிக்கை.

தொகை எப்படிக் குறைந்தது என்று அன்றே கேட்டேன். "நீ பொட்டப் புள்ள, மெதுவாத்தான் ஓட்டுவ. அதுக்குத் தக்க மாதிரி போட்டிருக்கேன்" என்று சிரித்தார். என் போனுக்கு வந்த ஓடிபி எண்ணை அவரிடம் சொன்னேன். எல்லாம் முடிந்தது.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. அம்மா பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, கண்ணாடி வழியே தெரியும் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே வருவாள். "இத்தினி நாளா இதுங்க மேல நின்னேன், இப்பத்தான் படுத்துக்கினு பாக்குறேன்" என்று ஒருமுறை சொன்னாள். ஒருநாள் புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது, அனுமந்தை தாண்டியதும் ஒரு மாடு துள்ளி ரோட்டுக்கு ஏறியது. வண்டியை ஒடித்தேன். மாடு தப்பித்து ஓடிவிட்டது. கார் சிறுபாலத்தின் சுவரில் போய் முட்டியது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் முன்பக்கம் மட்டும் நசுங்கி, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "இன்சூரன்ஸ் இருக்குதுல்ல, ஏன் அழுவுற?" என்று அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஒர்க் ஷாப்காரர் என் பாலிசியைத் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். "ஃபைல் சார்ஜ்னு கம்பெனி கொஞ்சம் புடிப்பாங்க, அது எல்லாருக்கும் உண்டு. ஆனா அதுக்கு மேல பதினஞ்சாயிரம் வரைக்கும் நீங்களே பாத்துக்கறேன்னு விருப்பப்பட்டு எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா" என்றார். விருப்பப்பட்டேனா? எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். அடிபட்டால் முதல் பதினைந்தாயிரம் என் கையிலிருந்து போகும் என்று ஒத்துக்கொண்டால், கட்டும் தொகையில் ஆயிரத்துச் சொச்சம் குறைப்பார்களாம். அந்தக் குறைவைத்தான் சித்தப்பா டீக்கடையில் எனக்குக் காட்டியிருக்கிறார். பிறகு சேதத்தை மதிப்பிடக் கம்பெனியின் சர்வேயர் வந்தார். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் என்றார். அடியில் குனிந்து பார்த்து, "இது துரு. உப்புக் காத்துல அரிச்சது, ஆக்சிடெண்ட்ல ஆனதில்ல" என்று அதையும் கழித்தார். எல்லாம் போகக் கம்பெனி தரக்கூடியது, டிங்கரிங் கூலிக்கே பற்றாது. அதையும் வாங்கினால் அடுத்த வருட போனஸ் போய்விடும். க்ளெய்மே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

சித்தப்பாவிடம் போய்க் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "ஆன்லைன்ல போட்டுடுவியோன்னு பயந்துட்டேன் பாப்பா. அந்த மாச டார்கெட்டுக்கு எனக்கு ஒரு பாலிசி கொறஞ்சிது. நீ இடிப்பன்னு நான் கனவா கண்டேன்?" என்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா நீ போட்டிருக்க மாட்டியே" என்றார். அந்தப் பதிலில் இருந்த நேர்மை இன்றுவரை என்னை எரிக்கிறது.

பணம் புரளாமல் கார் ஒர்க் ஷாப்பிலேயே கிடந்தது. நாங்கள் பஸ்ஸில் போனோம். வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்காது. யாராவது எழுந்து இடம் கொடுக்கும்வரை அம்மா கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்பாள். இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு ஒருநாள், "இந்த வாரம் ஒருவாட்டி போதும்டி, ஒடம்பு நல்லாத்தான் இருக்குது" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். ஆட்டோ பேசினால், வாசலிலேயே அதைத் திருப்பி அனுப்பினாள். மழை தொடங்கிய சமயம், கால் வீங்கி, நுரையீரலில் தண்ணீர் கோத்து, மூச்சு விட முடியாமல் போய்ச் சேர்ந்தாள். பஸ்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நோய் எப்படியும் விட்டிருக்காது என்று டாக்டரும் சொன்னார். ஆனால் அவளுடைய கடைசி மாதங்களை அவள் அந்தப் பின் சீட்டில் படுத்துக்கொண்டே கடந்திருக்கலாம்.

காரியத்தன்று பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் சித்தப்பா. நிஜமாகவே அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது. என் தோளைத் தொட்டு, "க்ளெய்ம் எடுக்காததும் ஒருவகைல நல்லதாப் போச்சி பாப்பா. ரினீவலுக்கு உனக்கு போனஸ் வரும். இருவது பர்சென்ட் கொறையும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த மனிதருக்கு என்னிடம் சொல்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அதன்பிறகு அவரோடு பேசவில்லை.

கடன் வாங்கிக் காரை எடுத்தேன். இன்சூரன்ஸை வேறு இடத்தில் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், இடித்தால் என் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை மட்டும் கேட்டேன். புரியும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த இருபது சதவீதத்தையும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கில்லை. க்ளெய்ம் எடுக்காத ஒவ்வொரு வருடமும் அது கொஞ்சம் கூடுகிறது. வண்டியைப் பத்திரமாக வைத்திருந்ததற்கான பரிசு என்று அதற்குப் பெயர். பின் சீட்டில் யாரையும் வைத்துக்கொள்ளாமல், மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.