ஏழாம் கூண்டு அட்டை

எங்கள் ஆய்வகத்து எலிக்கூடத்தில் பதினோரு வருடம் தினக்கூலியாக வேலை பார்த்தவரை எல்லோரும் கூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் வந்து பச்சை அங்கியை மாட்டிக்கொள்வார். நூற்று நாற்பது பிளாஸ்டிக் கூண்டுகள். பழைய மரச்சீவலைக் கொட்டி, வெந்நீரும் பிளீச்சும் விட்டுக் கழுவி, புதுச் சீவல் பரப்பி, தண்ணீர் பாட்டிலின் முனையைத் தட்டிச் சொட்டு வருகிறதா என்று பார்த்து மாட்டுவார். சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டுப் போனாலும் வாடை போகாது.

"பஸ்ல எனக்கு எப்பவும் சீட்டு கிடைச்சிடும் தம்பி. பக்கத்துல உக்காந்திருக்கறவங்களே எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்பார்.

அவர் கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு இருந்தார். மகள் பதினொன்றாம் வகுப்பு. பத்து வருடம் முடித்தவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த வருடம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அக்கா மூன்றாவது ஆள். நிரந்தரமானால் நிறுவனச் செலவிலேயே கணவருக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அக்கா வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் ஆய்வு ஒரு சமிக்ஞைப் புரதத்தைப் பற்றியது. தோலில் அடிபட்டால் 'இங்கே வாங்க' என்று மற்ற செல்களுக்குச் சேதி அனுப்பும் புரதம் அது. சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் அழற்சி ஆறாது. ஆறாத அழற்சி புற்றுக்கு உரமாகிவிடும். அந்தப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் முதுகை மழித்து, கட்டியை வரவழைக்கும் மருந்தைத் தடவி, யாருக்கு எத்தனை கட்டி வருகிறது என்று வாராவாரம் எண்ணுவேன்.

அக்கா ஒருநாள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, பிளீச்சில் வெந்து சிவந்த தன் கைகளைக் காட்டினார். "அந்தப் புரதம் எனக்கும் இருக்குமா?"

"எல்லாருக்கும் இருக்குக்கா."

"அப்ப என் கையில அது ஓவர்டைம் பாக்குது."

தப்பு செய்தது நான்தான். புரதமில்லாத எலிகள் ஒரே தாயின் குட்டிகள், பிறந்ததிலிருந்து ஒன்றாகவே வளர்ந்தவை. சாதாரண எலிகளோ பல இடத்திலிருந்து வந்த, வளர்ந்த ஆண்கள். ஒன்றாகப் போட்டால் கடித்துக்கொள்ளும், அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். கூண்டு போதவில்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. ஐந்தைந்தாக எட்டுக் கூண்டுகளில் போட்டு, ஒவ்வொரு கூண்டின் அட்டையிலும் தேதியும் 'ஐந்து ஆண்கள்' என்பதும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நாலாவது நாளே அக்கா பிடித்துக்கொண்டார். "அஞ்சு மாப்பிள்ளைங்கள ஒரே வீட்ல குடிவெச்சிருக்கியே, உருப்படுமா? ஏழாம் நம்பர்ல ஒரு மேனேஜர் இருக்கான் பாரு, மத்த நாலு பேரையும் வால் பக்கமாத் துரத்தித் துரத்திக் கடிக்கிறான்."

"சண்டை போட்டு அடங்கிடும்க்கா."

"அவன் அடங்கற மூஞ்சியாத் தெரியல."

அவர் அதோடு விடவில்லை. ஏழாம் கூண்டு அட்டையின் பின்பக்கம் பென்சிலில் நாலு எலி வரைந்து, கடி விழுந்த இடத்தில் எல்லாம் புள்ளி வைத்துத் தேதி போட்டுக்கொண்டே வந்தார். பத்தாவது வாரம் கட்டிகள் கிளம்பின. அட்டையை என்னிடம் நீட்டினார்.

"புள்ளியையும் பாரு, கட்டியையும் பாரு."

பார்த்தேன். பாதிக்கு மேல் அதே இடங்கள். கடித்த காயம் ஆறாமல் அழன்றுகொண்டிருந்த இடத்தில்தான் கட்டி வந்திருந்தது. அப்படியானால் நான் எண்ணியதில் எவ்வளவு புரதத்தின் வேலை, எவ்வளவு மேனேஜரின் வேலை? அக்காவின் கண்ணெதிரே அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எட்டுக் கூண்டுகளிலும் எண் மட்டும் எழுதிய புது அட்டை மாட்டினேன். எண்ணிக்கையை அப்படியே பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கட்டுரை பத்திரிகைக்குப் போனது. அதிலிருந்த எலிகளின் படத்தைப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருந்தார்: வாலருகே தெரிவது கடித் தழும்பா?

"ஆம்பள எலிய யாருப்பா ஒண்ணாப் போட்டது?" என்றார் பேராசிரியர்.

"கூண்டு கழுவும்போது கலந்திருக்கலாம் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யார் தலையில் விழும் என்று உறைத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். சொல்லும்போதே தெரியும்.

விசாரணை அலுவலக மேலாளர் அறையில் நடந்தது. அக்காவை உட்காரச் சொல்லவில்லை. அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"நான் எதையும் கலக்கல சார். கூண்டு அட்டையிலயே எல்லாம் இருக்கு. தேதி, கையெழுத்து எல்லாம்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அந்த அட்டை எங்க?"

பை என் மடியில் இருந்தது. அட்டை பைக்குள் இருந்தது. "பழசெல்லாம் மாத்தியாச்சு சார்" என்றேன்.

அக்கா பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். 'அந்தப் பையைத் திறங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்வார் என்று காத்திருந்தேன்.

"படிச்ச தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார்.

பட்டியல் வெளியானபோது மூன்றாவது இடத்தில் வேறொருவர் இருந்தார். பணியாளரின் கவனக்குறைவால் இரண்டு கூண்டுகள் கலந்துவிட்டன, அவற்றை நீக்கிவிட்டோம் என்று பத்திரிகைக்குப் பதில் எழுதினோம். கலந்தவை எட்டு. கட்டுரை வந்தது, பட்டமும் வந்தது.

அக்கா இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் இருக்கிறார். போன வாரம் போனேன். நனைந்த போர்வைகள் குவிந்த தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கைகள் முன்பைவிட மோசம்.

"டாக்டராயிட்டியாமே. வந்து எங்க வீட்டுக்காரர் இடுப்பைப் பாரேன்."

"நான் அந்த டாக்டர் இல்லக்கா."

"தெரியும் தம்பி. நீ எந்த டாக்டர்னு எனக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளே யாரோ கூப்பிட்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அட்டையைக் கொடுக்கத்தான் போயிருந்தேன். பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை.