பிரேக்குக்கு நாலு மார்க்

வெண்டல் ஆஸ்ட்ராண்டர் வேகமாக ஓட்டுகிறவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் பத்திரிகைக்காக மோட்டார் சைக்கிள்களை ஓட்டி ஒப்பிடும் மூன்று பேரில் அவர்தான் கடைசி. பழைய பந்தயக்காரனான ட்ரெவினோ ஒன்றரை நிமிடத்தில் முடிக்கும் சுற்றுக்கு வெண்டலுக்கு இன்னும் பதினோரு வினாடி வேண்டும். "என்ன பெருசு, வழியில காபி குடிச்சிட்டு வந்தியா?" என்று அவன் ஒவ்வொரு முறையும் கேட்பான். வெண்டல் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றுவார்.

ஆனால் வண்டி எப்படி என்று ட்ரெவினோவைக் கேட்டுப் பாருங்கள். "பிரமாதம்" என்பான், இல்லாவிட்டால் "குப்பை" என்பான். கடப்பாரை வைத்து நெம்பினாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வெண்டல் ஆறே ஆறு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஐந்தாவது வளைவில் பிரேக்கை விடும்போது முன்பக்கம் ஒரு நொடி தயங்குகிறது, முன் ஃபோர்க்கின் திருகை அரைத் திருப்பு தளர்த்திப் பாருங்கள் என்பார். தளர்த்தினால் சரியாகிவிடும். அவர் சொன்னது தப்பாகி நான் பார்த்ததில்லை. என் பெயர் கோரின். டயருக்குக் காற்றுப் பார்ப்பது, மார்க் தாள்களைக் கூட்டுவது, வேன் ஓட்டுவது எல்லாம் நான்தான். பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மற்ற நாட்களில் வெண்டல் பாம்டேலில் ஒரு விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடிக்கிறவர். இருபத்தொன்பது வருடமாக அதிரும் ரிவெட் துப்பாக்கியை வலது கையில் பிடித்து, இறக்கைத் தகடுகளை ஒன்றோடொன்று தைக்கிற வேலை. 1988-ல் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். காலைக் குளிரில் ஒரு வண்டியையும் மதிய வெயிலில் இன்னொன்றையும் ஓட்டிவிட்டு இது உசத்தி, அது மட்டம் என்று எழுதுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டிருந்தார். ஆசிரியர் கில்மோருக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. முடிந்தால் நீயே வந்து ஓட்டிக் காட்டு என்று பதில் போட்டார். வெண்டல் வந்தார். அதோடு ஒட்டிக்கொண்டார். மார்ச்சில் மூன்று நாள், அக்டோபரில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவார். சமையலறை நாட்காட்டியில் அந்த ஆறு நாட்களையும் சிவப்பில் வட்டம் போட்டிருப்பார் என்றும், கல்யாண நாளுக்கு ஒரு புள்ளிகூட கிடையாது என்றும் அவர் மனைவி நோரீன் என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

எங்கள் சோதனைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. எல்லா வண்டிக்கும் ஒரே டயர். வண்டியின் முன் கண்ணாடியில் எண் ஒட்டிவிடுவோம்; அன்று முழுக்கக் கம்பெனிப் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. ஓட்டி முடித்ததும் தனியாகப் போய் உட்கார்ந்து, தாளில் பிரேக், எஞ்சின் என்று இருக்கும் பன்னிரண்டு வரிசைக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். தாள் என் பெட்டிக்குள் விழும்வரை பேச்சு கூடாது. கடைசிக் கட்டுப்பாடு வெண்டல் கொண்டுவந்தது. எல்லா வண்டியும் முடிந்த பிறகு, காலையில் முதலில் ஓட்டிய வண்டியையே மறுபடி ஓட்டி மறுபடி மார்க் போட வேண்டும். எதிலாவது இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்று வண்டி மாறியிருக்கிறது, இல்லையென்றால் ஓட்டியவர் மாறியிருக்கிறார். எது என்று ஓட்டியவரே அடியில் எழுத வேண்டும். அவர் எழுதியதுதான் முடிவு. வண்டி என்றால் அதைப் பத்திரிகையில் போடுவோம். தன் மேல்தான் தவறு என்றால் தாளைத் தள்ளிவிடுவோம். ட்ரெவினோ ஒருமுறை "நேத்து குடிச்சது இறங்கல" என்று எழுதிக்கொடுத்து எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

2007 மார்ச்சில் அறுநூறு சிசி வண்டிகள் நான்கு வந்திருந்தன. எல்லாம் பந்தயத்துக்கென்றே பிறந்தவை. பெட்ரோல் தொட்டியின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும், உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். ரோசமண்டுக்கு வெளியே பாலைவனத்தில் இருக்கும் பந்தயத் தளத்தில் காலை எட்டு மணிக்குக் கடுங்குளிர். நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். வெண்டல் கோப்பையை இடது கையால் வாங்கினார். வலது கையில் மூன்று விரல்கள் நுனியிலிருந்து பாதிவரை மெழுகாக வெளுத்திருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு உடனே கையுறையை மாட்டிக்கொண்டார்.

ரிவெட் அடிக்கிறவர்களுக்கு விரல் இப்படி வெளுத்து மரத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பாவும் அதே தொழிற்சாலையில் இருந்தவர்தான். உடம்பில் குறை இருப்பதாக எழுத்தில் வந்துவிட்டால் அந்த ஆளை மறுபடி வண்டியில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் காப்பீட்டுக்காரர்களின் நிபந்தனை. அவர் சிவப்பு வட்டம் போட்ட நாட்கள் அத்தோடு போய்விடும். குளிரில்தான் வெளுத்திருக்கிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காற்றுப் பார்க்கப் போனேன். கோழை, வேறென்ன சொல்வது.

வெண்டலுக்கு முதல் வண்டி இரண்டாம் எண். ஓட்டிவிட்டு வந்து பிரேக்குக்கு ஒன்பது போட்டார். இரண்டு விரலால் தொட்டாலே போதும் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார். அப்பாடா என்றிருந்தது. அதற்குப் பிறகு மற்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார். மதியத்துக்கு மேல் வழக்கம்போலக் காற்று கிளம்பி மணலை வாரித் தூற்றியது. மூன்று மணிக்கு மறுபடி இரண்டாம் எண்ணில் ஏறினார்.

நேர்ப்பாதை முடிந்து எல்லோரும் பிரேக் பிடிக்கிற இடத்தில், சுவரோரமாக நான் நின்றுகொண்டிருந்தேன். முதல் இரண்டு சுற்றில் பிரேக் மேல் இரண்டு விரல். மூன்றாவதில் மூன்று. நான்காவது சுற்றில் நான்கு விரலும் பிரேக் மேல் இருந்தன, வண்டி வேகம் குறையவில்லை. வளைவைத் தாண்டி நேராகப் புழுதிக்குள் போய்விட்டார். புழுதி அடங்கியதும் பார்த்தால் கீழே விழாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினார். தாளை எடுத்துக்கொண்டு வேனின் பின்பக்கம் போய் உட்கார்ந்தார்.

கில்மோர் உடனே இரண்டாம் எண்ணின் முன் சக்கரத்தருகே குந்திவிட்டார். பிரேக் தட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தடம் மாறாத மனுஷன் நேராகப் போயிருக்கிறார் என்றால் கோளாறு பிரேக்கில்தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. சூடேறினால் பிரேக் தளர்கிறது என்று குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார். தனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றான் ட்ரெவினோ. உனக்கு என்னதான் தெரிந்திருக்கிறது என்று கில்மோர் அவன் வாயை அடைத்தார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. ஓட்டுகிறவன் நல்லவனாக இருந்தால் பழியெல்லாம் இரும்பின் மேல்தான்.

வெண்டல் பத்து நிமிடமாகியும் தாளைக் கொண்டுவரவில்லை. யாரும் கிட்டப் போகக் கூடாது. நான் போனேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வலது கையை அக்குளில் செருகி வைத்துக்கொண்டு, இடது கையால் பேனாவைப் பிடித்திருந்தார். தாளில் பிரேக் என்ற வரிசை மட்டும் காலியாக இருந்தது.

"ஒன்பது போடு வெண்டல்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தாள் பெட்டியில் விழுமுன் யாராவது மூச்சுவிட்டாலே கத்துகிற பேய் நான். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"காலையில போட்டதையே போடு. யாருக்குத் தெரியப்போகுது? நான்தானே கூட்டப்போறேன்."

"நான் நேராப் போனத கில்மோர் பாத்துட்டாரே."

"அவர் பிரேக்கத்தான் திட்டிக்கிட்டிருக்கார். உன்ன ஒரு வார்த்தை சொல்லல."

"அதான் கோரின் பயமா இருக்கு," என்றார். "நாலு போட்டு, வண்டின்னு எழுதினா நம்பிடுவாங்க. போன அக்டோபர்லயும் ஒரு வண்டிக்கு பிரேக் கனமா இருக்குன்னு ஆறு போட்டேன். அதனாலயே அது ரெண்டாவது இடத்துக்குப் போச்சு. அன்னிக்கும் கைதானோ என்னவோ. எனக்கே தெரியல."

டாக்டர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டாராம், இனி இது திரும்பாது என்று. நோரீனிடம்கூடச் சொல்லவில்லையாம். காலையில் ஐந்தாறு சுற்றுக்குத் தாங்கும், அதற்குப் பிறகு விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்றார். இதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. ஃபோர்க்கைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. எழுதிக்கொடுத்தால் இனி உன்னை ஏற்றமாட்டார்கள், தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார்.

"அந்த வண்டியச் செஞ்சவங்க ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க," என்றார். "நானும் ஒரு தொழிற்சாலைக்காரன்தானே."

பிறகு இடது கையால், கோணல்மாணலாக, நாலு என்று போட்டார். அடியில் எழுதியதை அப்படியே சொல்கிறேன்: 'மாறியது வண்டி அல்ல. என் வலது கைக்கு உணர்ச்சி போய்விட்டது. இந்த பிரேக்குக்குக் காலையில் போட்ட ஒன்பதே சரி.' பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவரே எழுந்து போய்ப் போட்டார்.

கில்மோர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். குறிப்பேட்டில் எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார். வெண்டலின் தோளைத் தொட்டுவிட்டு, அக்டோபரில் சுற்றுக்கு நேரம் குறிக்கவாவது வாயேன் என்று முனகினார். பார்க்கலாம் என்றார் வெண்டல். வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சோதனை முடிந்ததும் எங்களிடம் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. தாளில் மார்க் என்னவாக இருந்தாலும் சரி, நாலு சாவியையும் நீட்டினால் எதில் வீட்டுக்குப் போவாய்? வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு முன்னால் நின்று ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும். வாசகர்கள் முதலில் படிப்பது அந்தப் பதிலைத்தான். ட்ரெவினோ மூன்றாம் எண் என்றான். கில்மோர் இரண்டாம் எண் என்றார். பிறகு குறிப்பேட்டை மூடப் போனார். தாள் தள்ளுபடியான ஆளிடம் இந்தக் கேள்வி கிடையாது, அதுதான் வழக்கம்.

"என்னையும் கேளு கில்மோர்," என்றார் வெண்டல்.

கில்மோர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எதுல வீட்டுக்குப் போவே?"

வெண்டல் நாலு வண்டியையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"கோரின் வேன்ல," என்றார்.

காலையில் அவர் தன் சொந்த வண்டியில் வந்திருந்தார். பையைத் திறந்து அதன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நானும் ட்ரெவினோவும் அதைப் பலகை வைத்து வேனில் ஏற்றினோம். ட்ரெவினோ பட்டைகளை இழுத்துக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். நான் வேனுக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தேன். அந்தப் பக்கத்துக் கதவின் கைப்பிடி ஒருமுறை அசைந்தது, மறுபடி அசைந்தது. கண்ணாடிக்கு வெளியே வெண்டல் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். நான் எட்டி உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டேன்.